லாரியும் ஒட்டிக்கொண்ட கண்ணாடியும்

அந்த ஞாயிற்றுக்கிழமை வரை கிழக்குத் தாம்பரத்தில் எனக்கு ஒரு மதிப்பு இருந்தது. இதை நானே சொல்லிக்கொள்வது அழகல்ல. ஆனால் சொல்ல வேண்டியவர்கள் வேறு எதையெதையோ சொல்லிக்கொண்டிருப்பதால் இந்தப் பொறுப்பும் என் தலையில் விழுந்திருக்கிறது.

நான் இயற்பியல் துறைத் தலைவராக இருந்து ஓய்வுபெற்றவன். பல்லாண்டுகள் ஒளியியல் நடத்தியவன். எங்கள் பகுதி வங்கிக்குள் நான் நுழைந்தால் மேலாளர் எழுந்து நிற்பார். அவர் என் மாணவர். தேறாத மாணவர். முழுக்கைச் சட்டையின் கைப்பொத்தானைப் போடாமல் நான் என் வாசலைத் தாண்டியதாக எவரும் சாட்சி சொல்ல முடியாது.

அப்படிப்பட்ட நான், முழங்கை வரை சாம்பல் நிறக் குழம்பு பூசிய கைகளோடு, ஒரு கழிவுநீர் லாரிக்கு எதிரே, சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியில், வெயிலில் உட்கார்ந்திருந்தேன். லாரியின் முகப்பில் ‘தாயின் ஆசி’ என்று எழுதியிருந்தது. அதற்கு வெகு அருகில் என் மூக்கு இருந்தது. என் மனம் மட்டும் அங்கே இல்லை. அது என் வீட்டுக் கார் ஷெட்டில், ஒரு மணல் பீப்பாயின் மேல், நீர் காய்ந்துகொண்டிருந்த இரண்டு கண்ணாடித் தட்டுகளுக்கு நடுவே இருந்தது.

எங்கள் ஏரிக்குழுவின் ஆண்டு மலர் அண்மையில் வெளிவந்திருக்கிறது. அந்த நாளுக்கு அதில் ஒரு முழுப்பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். படித்தேன். இந்த வாரம் எழுதுவதாக இருந்த தேர்வறைக் கதைகளைத் தள்ளிவைத்துவிட்டு இதை எழுதுகிறேன். தேர்வறைக் கதைகள் கெட்டுப்போகா.

ரவை முதல் முகப்பவுடர் வரை

ஓய்வுபெற்றபின் சிலர் தலயாத்திரை போகிறார்கள். சிலர் அமெரிக்காவிலுள்ள மகன் வீட்டுக்குப் போய், அங்கே குளிர் அதிகம் என்ற செய்தியோடு திரும்பி வருகிறார்கள். நான் கண்ணாடி தேய்த்தேன்.

தொலைநோக்கிக்கு வேண்டிய குழியாடியைக் கையால் செய்யலாம். “கடையில கிடைக்குமே சார்?” என்று கேட்பவர்கள் உண்டு. கடையில் சாம்பாரும்தான் கிடைக்கிறது. அவர்கள் வீட்டில் ஏன் அடுப்பு எரிகிறது என்று நான் கேட்பதில்லை.

வேலை எளிது; பொறுமைதான் கடினம். கனத்த வட்டக் கண்ணாடித் தட்டுகள் இரண்டு வேண்டும். ஒன்றை மணல் நிரப்பிய பீப்பாயின் மேல் பொருத்த வேண்டும். அதன்மேல் தேய்ப்புப் பொடியும் நீரும் தெளித்து, இன்னொரு தட்டை வைத்து, முன்னும் பின்னும் தள்ள வேண்டும். தள்ளிக்கொண்டே பீப்பாயைச் சுற்றி நடக்க வேண்டும். நாளடைவில் மேல்தட்டு குழியும். அதுதான் ஆடியாகப் போகும் தட்டு. பொடியும் படிப்படியாக நுண்மையாகும். தொடக்கத்தில் ரவை, முடிவில் முகப்பவுடர். ஓசையும் கூடவே மாறும். முதலில் ஜல்லி இறக்கும் ஓசை. முடிவில் யாரோ பக்கத்து அறையில் பட்டுப்புடவை மடிக்கும் ஓசை.

இதற்கு இரண்டு விதிகள். முதலாவது, வெளியிலிருந்து ஒரு மணல் துகள் உள்ளே வரக்கூடாது, வந்தால் கீறல். ஆகவே கார் ஷெட்டுக்குள் என்னைத் தவிர எவருக்கும் அனுமதியில்லை. என் மனைவி சாரதாவுக்கும் இல்லை. “நான் என்ன மணல் லாரியா?” என்று அவள் ஒருமுறை கேட்டாள். பிறகு கேட்கவில்லை, காபியை வாசலோடு வைத்துவிட்டுப் போனாள்.

இரண்டாவது விதி இன்னும் முக்கியமானது. கடைசிப் பொடியில் தேய்க்கும்போது இரண்டு தட்டுகளுக்கும் நடுவே உள்ள நீர்ப்படலம் மிகமிக மெலிந்துவிடும். அந்த நிலையில் மேல்தட்டை எடுக்காமல் அப்படியே விட்டுவிட்டுப் போனால் நீர் காயும். இரண்டு தட்டுகளும் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். பலம் கொண்டு பிரிக்கப் பார்த்தால் உடையும். இதைப் பற்றி என்னை எவரும் எச்சரிக்க வேண்டியதில்லை. கரும்பலகையில் படம் போட்டு விளக்கியவன் நான்.

கப்பல் ஜன்னல்

தட்டுகள் கிடைத்த கதையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

பல்லாவரம் வெள்ளிச் சந்தையில் கோழிக்குஞ்சு, பழைய மின்விசிறி, எவருடைய வீட்டுக் கதவோ, எல்லாம் ஒரே வரிசையில் கிடைக்கும். அங்கே ஒரு வெள்ளிக்கிழமை, துருப்பிடித்த கொக்கிகளுக்கு நடுவே இரண்டு வட்டக் கண்ணாடிகளைக் கண்டேன். உடைத்த கப்பலின் ஜன்னல் கண்ணாடிகள். உள்ளங்கை அகலத்தில் பாதிக் கனம். விளிம்பைப் பார்த்தால் கடல் பச்சை. நான் அலட்சியமாக முகத்தை வைத்துக்கொண்டு, “இது எதற்கு உதவும்?” என்று கேட்டேன்.

“இன்னாத்துக்கு வோணும்னாலும் ஆவும் சார். இட்லிமாவு மேல வெச்சா பூனை தள்ளாது” என்றார் கடைக்காரர்.

பூனைக்காக என்று சொல்லித்தான் வாங்கி வந்தேன். அடுத்த முறை இன்னொரு ஜோடி வாங்கி வைக்கலாம் என்று போனபோது அந்த இடத்தில் ஒருவர் செருப்பு விற்றுக்கொண்டிருந்தார். கண்ணாடிக்காரரைப் பற்றிக் கேட்டதற்கு எனக்கு அளவு என்ன என்று விசாரித்தார்.

ஆக, அந்த ஜோடி ஒன்றுதான். அதைச் சுற்றி ஓர் ஆண்டுக்கும் மேலாக நடந்திருந்தேன்.

மருந்துக்கடையில் கிடைக்காத வெயில்

ஓராண்டு கார் ஷெட்டுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி நடந்ததில் என் எலும்புகளுக்கு ஏதோ குறை வந்துவிட்டதாக மருத்துவர் கண்டுபிடித்தார். “காலையில் வெயில் படுங்கள்” என்றார். அது மருந்துக்கடையில் கிடைக்காததால் ஏரிக்குப் போனேன்.

ஏரியில் ஒரு தொண்டர் குழு இருந்தது. ஞாயிறுதோறும் காலையில் கூடி ஆகாயத்தாமரையை இழுத்துக் கரையில் போடுவார்கள். அடுத்த ஞாயிறு வருவதற்குள் அது மீண்டும் வளர்ந்திருக்கும். மீண்டும் இழுப்பார்கள். நடுவில் பொங்கலும் வடையும் விநியோகம் ஆகும். வடை வரும் வேளையில் தொண்டர் எண்ணிக்கை பெருகுவதை நான் கவனித்தேன், கவனித்ததைச் சொன்னேன், அன்று முதல் குழுவில் எனக்கு ஒரு தனி இடம் ஏற்பட்டது. பெரும்பாலும் என்னைச் சுற்றி எவரும் நிற்காத இடம்.

குழுவின் தலைவர் ஏகாம்பரம். பழைய ஊர்க் குடும்பம். அந்த ஏரி நீரில் அவருடைய தாத்தா மூன்று தலைமுறைக்குப் போதுமான நெல் விளைவித்தார். பேரன் அந்த வயலையெல்லாம் மனையாகப் பிரித்து, ‘ஏரிக் காற்று வீசும் இடம்’ என்று விளம்பரம் செய்து விற்றுத் தீர்த்தார். பாய்வதற்கு ஒரு வயலும் மிச்சமில்லை என்று உறுதியானபின் ஏரியைக் காப்பாற்றக் கிளம்பினார். காலந்தாழ்த்தி வரும் மாணவர்களை நான் வகுப்புக்கு வெளியே நிறுத்திப் பழகியவன். ஏகாம்பரத்தை அப்படி நிறுத்த முடியவில்லை. அவர் பிறந்ததே அங்கேதான்.

செயலாளர் பிரவீன். மேடவாக்கத்து அடுக்குமாடியிலிருந்து வருகிற கணினி இளைஞர். குழுவின் வாட்ஸ்அப்பும் புகைப்படமும் அவர் பொறுப்பு. ஒரு கொடியை இழுத்தால் அதை மூன்று கோணங்களில் படமெடுப்பார்.

வடிவு குழுவில் உறுப்பினரல்ல. கோவளம் பக்கத்து மீனவக் குடும்பத்துப் பெண். ஞாயிறு காலைகளில் ஏரிக்கரைச் சாலையில் தெர்மாகோல் பெட்டியோடு உட்கார்ந்து மீன் விற்பவர். குழுவுக்கும் அவருக்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஆனால் அவர் கருத்துச் சொல்லாத தீர்மானம் எதுவும் அங்கே நிறைவேறியதில்லை.

நான் ஒழுங்கு வகுத்துக்கொண்டேன். ஞாயிறு காலை ஏரி. திரும்பியதும் குளியல், உடைமாற்றம், நகக்கண் சோதனை. அதன்பிறகே கண்ணாடி. ஏரியைப் பற்றிக் கண்ணாடிக்குத் தெரியாது. கண்ணாடியைப் பற்றி ஏரிக்குத் தெரியாது. சில காலம் இது மிக நன்றாக நடந்தது.

கெட்டது ஒரு வாக்கியத்தால். பொங்கலை ஒட்டி ஏரித் திருநாள் ஒன்று கொண்டாடத் தீர்மானித்தார்கள். மக்களுக்கு நிலவைக் காட்ட வாடகைக்கு ஒரு டெலஸ்கோப் கிடைக்குமா என்று பிரவீன் கேட்டார். “வாடகை தேவையில்லை. நானே ஒன்று செய்துகொண்டிருக்கிறேன்” என்றேன். சொல்லியிருக்க வேண்டியதில்லை. ஆனால் வாடகை என்ற சொல் காதில் விழுந்தபின் பேசாமலிருக்க என்னால் முடியவில்லை.

அடுத்த ஞாயிறு ஏரிக்கரை முனையில் ஒரு பேனர் நின்றது. ‘பேராசிரியர் தம் கைகளாலேயே செய்த மாபெரும் தொலைநோக்கியில் நிலவு காண வாரீர்.’ பின்னணியில் ஏதோ ஒரு நாட்டு மலையுச்சி வானாய்வகம். என் முகமும் இருந்தது. ஏகாம்பரத்தின் முகத்தைவிடச் சிறியது, மரபு மீறப்படவில்லை.

“செய்து முடிக்கவில்லையே” என்றேன்.

“அதான் பேனர் வெச்சிட்டோமே சார், இனிமே முடிஞ்சிடும்” என்றார் ஏகாம்பரம்.

ஐந்து நிமிடம்

மழை ஓய்ந்திருந்த ஒரு ஞாயிறு அது. கடைசிப் பொடியில் இருந்தேன் என்பதால் ஏரிக்கு வர இயலாது என்று முன்பே தெரிவித்திருந்தேன். பட்டுப்புடவை ஓசை வந்துகொண்டிருந்தது. அதைக் கேட்டபடி நடப்பதைவிட நல்ல பொழுதுபோக்கு இதுவரை எனக்குக் கிடைக்கவில்லை. போன் அடித்தது. எடுக்கவில்லை. மீண்டும் அடித்தது. மூன்றாவது முறை சாரதா அதை ஷெட் வாசலுக்குக் கொண்டுவந்து, ஒலிபெருக்கியைப் போட்டு, கையை மட்டும் உள்ளே நீட்டினாள்.

“சார், ஏகாம்பரம் பேசறேன். கால்வாயாண்ட டேங்கர் வந்துகீது சார். ஏரில தொறக்கப் பாக்கறான். கொஞ்சம் வாங்க.”

“நீங்கள் இத்தனை பேர் இருக்கிறீர்களே?”

“நாங்க கீறோம் சார். எங்களுக்கு அவன் பயப்படல. வெள்ள முடியும் வெள்ள சட்டையுமா ஒருத்தர் வோணும். நீங்க ஒண்ணும் பேசவேணாம். சும்மா வந்து நின்னாப் போதும். அஞ்சு நிமிஷம்.”

பல்லாண்டுகள் பேசியே ஊதியம் வாங்கிய ஒருவனிடம் பேச வேண்டாம் என்பது ஒரு வகை அழைப்பு. ஆனால் ஏரியில் எதைத் திறக்கப்போகிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். நான் இழுத்துப்போட்ட தாமரைக் கொடிக்கு அது உரமாகும். மேல்தட்டை எடுத்துக் கழுவி, துடைத்து, மூடி வைப்பதற்குள் லாரி காலியாகிவிடும். ஐந்து நிமிடத்தில் நீர் காயாது. இந்தக் கணக்கை நான் நிதானமாகத்தான் போட்டேன். கணக்கில் பிழையில்லை. ஏகாம்பரத்தின் ஐந்து நிமிடம் எவ்வளவு நேரம் என்பது மட்டும் எனக்குத் தரப்படவில்லை.

மொழிபெயர்ப்பாளர்

லாரி கால்வாயின் விளிம்பில் நின்றது. குழாய் ஏற்கெனவே நீரை நோக்கித் தொங்கியது. ஓட்டுநர் இறங்கி நின்று, “பெர்சு, ஓரமா போ” என்றார்.

நான் அவரிடம் பொறுமையாகச் சொன்னேன்: “தம்பி, பொது நீர்நிலையில் கழிவைக் கலப்பது சட்டப்படி குற்றம் என்பதோடு, இந்தப் பகுதி மக்களின் நிலத்தடி நீருக்கும் தீராத கேடு. ஆகவே வண்டியைத் திருப்பிக்கொண்டு செல்வதே உமக்கு நல்லது.”

ஓட்டுநர் சுற்றிலும் பார்த்தார். “இன்னா சொல்றாரு இவரு?”

சாலையோரத்தில் மத்தி மீனைக் கூறுபோட்டுக்கொண்டிருந்த வடிவு தலை நிமிராமல் சொன்னார்: “இங்க தொறந்தியானா அதே பைப்ப ஒன் வாயில வெப்பேன்றாரு.”

நான் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் மொழிபெயர்ப்பில் பொருள் கெடவில்லை என்பதால் திருத்தாமல் விட்டேன். ஓட்டுநர் குழாயைச் சுருட்டினார்.

அத்தோடு நான் கிளம்பியிருக்கலாம். ஏகாம்பரத்துக்கு அது போதவில்லை. இப்போது விட்டால் நாளைக்கு வேறு பக்கமாக வந்து ஊற்றுவான் என்றார். அதிகாரி வந்து பார்க்க வேண்டும், அதுவரை வண்டி நகரக்கூடாது என்றார். நாற்காலி வந்தது. என்னை லாரிக்கு முன்னால் அமர்த்தினார்கள்.

“நான் போக வேண்டும். வீட்டில் வேலை பாதியில் நிற்கிறது” என்றேன்.

“நீங்க எந்திரிச்சா வண்டி ஸ்டார்ட் ஆயிடும் சார்.”

“அதிகாரி எங்கே?”

“வந்துகினே கீறாரு சார்.”

வந்துகொண்டே இருப்பது என்பது ஒரு நிலை. வந்து சேர்வது வேறு நிலை. வெயில் ஏறியது. மருத்துவர் எழுதிக்கொடுத்ததற்கு மேலாகவே என்மேல் பட்டது. பிரவீன் படமெடுத்தார். ஓட்டுநரும் நிழல் தேடி என் நாற்காலிக்குப் பின்னால் வந்து குந்திக்கொண்டார். “பேஜாரா கீது சார்” என்றார். அன்று அங்கே என்னோடு முழுதாக உடன்பட்ட ஒரே ஆள் அவர்தான்.

“கையெல்லாம் இன்னா சார் சுண்ணாம்பு?” என்றார் வடிவு.

சுண்ணாம்பல்ல, தேய்ப்புப் பொடிக் குழம்பு என்றேன். கைகளைப் பார்த்தேன். குழம்பு வெளுத்து, காய்ந்து, விரலை மடக்கினால் உதிர்ந்தது. அந்தக் கணத்தில் ஷெட்டில் என்ன நடந்துகொண்டிருக்கிறது என்பதை என் விரலிலேயே பார்த்தேன். எழ வேண்டும் என்று நினைத்தேன். லாரி என்ஜின் சூடாகத்தான் இருந்தது. எழவில்லை.

அதிகாரி ஒருவழியாக வந்தார், எழுதிக்கொண்டார், லாரி பின்னோக்கிப் போனது. கைதட்டினார்கள். நான் வீட்டுக்கு நடந்தேன். ஓடினேன் என்று மலரில் இருக்கிறது. நான் பொது இடத்தில் ஓடுவதில்லை.

சாரதா போட்ட போன்

மேல்தட்டைத் தள்ளினேன். அசையவில்லை. பீப்பாய் அசைந்தது.

வெந்நீர் ஊற்றிப் பார்த்தேன். சோப்பு நீரில் ஊறவைத்தேன். இணைப்பில் மரக்கட்டையால் தட்டினேன். இரண்டு தட்டுகள் இருந்ததாகவே அவற்றுக்கு நினைவில்லை. அன்று பகல் உணவு, மாலைக் காபி எதற்கும் நான் வெளியே வரவில்லை. அந்தி சாயும்போது சாரதா முதல் முறையாக விதியை மீறி உள்ளே வந்தாள். பார்த்தாள். கூடத்துக்குப் போய் அவள் பேசியது என் காதில் விழுந்தது.

“ஏகாம்பரம் தானே? உங்க அஞ்சு நிமிஷத்துல இவரோட ஒரு வருஷம் ஒட்டிக்கிச்சு. என்ன பண்ணப்போறீங்க?”

மறுநாள் காலையில் மூவரும் வாசலில் நின்றார்கள். ஏகாம்பரம் கையில் ஒரு கடப்பாரை. பிரவீன் கையில் துருநீக்கி டப்பா ஒன்றும், முடி உலர்த்தும் கருவி ஒன்றும். வடிவு வேடிக்கை பார்க்க வந்திருந்தார்; அதை மறைக்கவும் இல்லை.

“நவுருங்க சார், ஒரே நெம்பு” என்றார் ஏகாம்பரம்.

“அதை அங்கேயே கீழே போடுங்கள்” என்றேன். என் குரல் சற்று உயர்ந்திருக்கக்கூடும்.

அவர்கள் கால்களில் ஏரிச் சேறு. ஷெட்டுக்குள் விட முடியாது. அவர்களை வெளியே அனுப்பவும் வழியில்லை. சாரதா அவர்களுக்கு ஏற்கெனவே நாற்காலி போட்டிருந்தாள். ஆகவே தட்டுகள்தான் வெளியே வந்தன. இதுவரை வெயிலையே பார்க்காத என் கண்ணாடி, துணிக்கொடிக்குக் கீழே, கொல்லைப்புறத்துச் சிமெண்டுத் தரையில், ஓர் அகலமான பாத்திரத்துக்குள் வைக்கப்பட்டது.

என்ன செய்ய வேண்டும் என்பது எனக்குத் தெரியும். கீழ்த்தட்டு மட்டும் மூழ்கும்படி வெதுவெதுப்பான நீர்; மேல்தட்டின்மேல் ஐஸ். கீழே இருப்பது விரியும், மேலே இருப்பது சுருங்கும், பிடி தளரும். அந்த நேரத்தில் இணைப்பைச் சுற்றிக் கட்டையால் மெல்லத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். இதில் ஒரே ஒரு சிக்கல். சூடும் குளிரும் அளவு மீறினால் பிரிவதற்குப் பதிலாக வெடிக்கும். அதனால்தான் முதல் நாள் நான் அந்த வழிக்குப் போகவில்லை.

“வெடிச்சா?” என்றார் பிரவீன்.

“பேனரை எடுத்துவிடுங்கள்” என்றேன்.

ஏகாம்பரம் உடனே வடமேற்குப் பக்கம் திரும்பிக் கும்பிட்டார். குன்றத்தூர் முருகனுக்கு ஒரு முடிகாணிக்கை வேண்டிக்கொண்டார். அவர் தலையைப் பார்த்தேன். முருகனுக்குப் பெரிய வரவு இருக்கும் என்று தோன்றவில்லை.

ஐஸ்

எங்கள் குளிர்பெட்டியின் ஐஸ் முழுவதும் வந்ததும் கரைந்தது. வடிவு எழுந்து போய், அன்று காலை விற்று முடித்துச் சாலைமுனையில் வைத்திருந்த தெர்மாகோல் பெட்டியைத் தூக்கி வந்தார். மீன் எடுத்தபின் மிஞ்சிய உடைத்த ஐஸ்.

எங்கள் வீடு சைவம். என் தந்தை காலத்திலிருந்து மீன் வாடை அந்தக் கொல்லையில் நுழைந்ததில்லை. நான் சாரதாவைப் பார்த்தேன். சாரதா பெட்டியைப் பார்த்தாள்.

“ஐஸ்தானே. கொட்டும்மா” என்றாள்.

“மீனு ஒண்ணுகூட உள்ள இல்லக்கா. வாசனைதான். அத்த தனியா எடுக்கத் தெரியல” என்று சொல்லிக்கொண்டே வடிவு ஐஸை அள்ளி வைத்தார். கூடவே இரண்டு செதில்கள் விழுந்தன. ஓராண்டு உழைப்பில் நான் கொண்டுவர முயன்ற பளபளப்பு அந்தச் செதில்களில் இலவசமாக இருந்தது.

நான் தட்டத் தொடங்கினேன். முதல் நாள் முழுதும் தட்டிய கை. சற்று நேரத்தில் கட்டை வழுக்கியது. ஏகாம்பரம் வாங்கிக்கொண்டார். பிறகு பிரவீன். சுற்று முறை தானாக ஏற்பட்டது. ஒருவர் நீரை மாற்ற, ஒருவர் ஐஸ் வைக்க, ஒருவர் தட்ட.

“மெதுவா தட்டு மச்சான், கீபோர்டு இல்ல அது” என்று ஏகாம்பரம் பிரவீனைக் கண்டித்தார்.

“நேத்து கடப்பாரை எடுத்தது யாருண்ணா?”

“நேத்து எங்க? காலைலதான்.”

“மனை அளக்கிற கையி, ஒரு பக்கமாவே போவுது பாரு” என்றார் வடிவு, கட்டை மீண்டும் ஏகாம்பரத்தின் கைக்கு வந்ததும். “சுத்தி வா, சுத்தி வா.”

என் வேலையை என் கொல்லையில் நான்கு பேர் ஒருவரையொருவர் ஏசிக்கொண்டு செய்வதை நின்று பார்த்தேன். அந்த வேலைக்கு நான் வைத்திருந்த ஓசைகள் எதிலும் இது சேரவில்லை. கண்ணாடிக்குள் மெல்லிய ஒரு கிறீச்சொலி கேட்டது. எல்லோரும் நிறுத்தினார்கள். “தட்டுங்கள்” என்றேன். காபி பார்த்து வருவதாகச் சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

அன்று வீட்டில் பால் தீர்ந்திருந்ததாக சாரதா சொல்கிறாள். இருக்கலாம்.

சமையலறையில் நின்றேன். கட்டையின் ஓசை வந்துகொண்டிருந்தது. திடீரென்று ஒரு சிறிய, கெட்டியான ‘டக்’. பிறகு ஒன்றுமில்லை. பேச்சும் இல்லை. அந்த நால்வரும் ஒரே நேரத்தில் பேசாமலிருந்ததை அதற்கு முன்பும் நான் கேட்டதில்லை, பின்பும் கேட்டதில்லை. கண்ணாடி உடைந்தால் இப்படித்தான் இருக்கும் என்று முடிவுகட்டினேன். முகம் கழுவினேன். கைப்பொத்தான்களைப் போட்டேன்.

அப்போது வடிவின் குரல் வந்தது.

“சார், வெளிய வாங்க. ரெட்டப் புள்ள பொறந்துகீது. ரெண்டும் சொகமா கீது.”

நிலவில் மனை

ஏரித் திருநாளன்று மாலை, ஏரிக்கரையில், பேனருக்கு அடியிலேயே தொலைநோக்கியை நிறுத்தினேன். மெருகேற்றி, அலுமினியம் பூசி வந்த ஆடி ஒழுங்காக இருந்தது. விளிம்பில் பச்சரிசி அளவு ஒரு சில்லு பெயர்ந்திருக்கிறது. அது படத்தைக் கெடுக்காது. தலைவர் என்பதால் ஏகாம்பரம் முதலில் பார்த்தார். வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை.

“இவ்ளோ எடம் சும்மா கீது சார்” என்றார் மெதுவாக. “ஆனா ஒரே பள்ளம். ரொப்பறதுக்கே ரொம்ப மண்ணு ஆவும்.”

வடிவு பார்த்துவிட்டு, “அம்மத் தழும்பு போட்ட மூஞ்சி” என்றார். பிறகு வரிசையில் மீண்டும் கடைசியில் போய் நின்றார்.

தனியாகச் செய்யும் வேலையையும் ஊர் வேலையையும் எப்படிச் சமன் செய்கிறீர்கள் என்று அன்று பிரவீன் மலருக்காக என்னைக் கேட்டார். சமன் எதுவும் இல்லை என்றேன். பாதியில் விட்டால் கண்ணாடி ஒட்டிக்கொள்ளும். பாதியில் விட்டால் தாமரை வளர்ந்துவிடும். ஒன்றைப் பாதியில் விட்டால்தான் மற்றதற்குப் போக முடியும். இப்போது ஞாயிறு காலையில் நான் தட்டுகளை நனைப்பதில்லை. அவ்வளவுதான் நான் கண்டுபிடித்தது. இதை அவர் அச்சிடவில்லை. உணர்ச்சி போதவில்லை போலும்.

ஒரு திருத்தம்

அவர் அச்சிட்டது இது: ‘எல்லோரும் கைவிட்ட நிலையில் பேராசிரியர் மரக்கட்டையை வாங்கினார். கண்களை மூடினார். ஒரே தட்டு. கண்ணாடி பிரிந்தது.’

இந்தப் பத்தி எங்கிருந்து வந்தது என்று வடிவிடம் விசாரித்தேன். “ஏகாம்பரண்ணந்தான் அப்டி எழுதச் சொல்லிச்சு. ‘பேனர்ல சார் மூஞ்சி கீது, அவரு கையாலயே பிரிஞ்சதா இருக்கட்டும்’னுச்சு. தம்பி எழுதிக்கிச்சு” என்றார்.

குப்பைத்தொட்டி திறப்பு விழாவிலும் தம் பெயரைப் பெரிய எழுத்தில் போடச் சொல்பவர் ஏகாம்பரம். இந்த ஒரு பக்கத்தில் மட்டும் அவர் பெயர் இல்லை.

புகழ்ச்சி என்பதால் நான் பேசாமல் இருந்துவிடுவேன் என்று நினைத்திருக்கிறார்கள். விடைத்தாளில் எழுதாத விடைக்கு நான் எவருக்கும் மதிப்பெண் போட்டதில்லை. வங்கி மேலாளரைக் கேட்கலாம்.

ஆகவே, பதிவுக்காக: கண்ணாடி பிரிந்தபோது கட்டை ஏகாம்பரத்தின் கையில் இருந்தது. நான் சமையலறையில் இருந்தேன். கதவு சாத்தியிருந்தது. சாத்தியது நான்.